காதுமடிப்பு

சலவைக்கூடத்தில் அவளுக்குக் காதக்கா என்று பேர். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், ஒட்டுக்கேட்கிறவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வாயை மூடிக்கொள்வார்கள். விஷயம் அதுவல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, உலர்த்தி, தேய்த்து, கடைசியில் மடிப்பு மேசைக்கு அனுப்புவார்கள். அங்கே ஜோடி ஜோடியாகப் பெண்கள் நிற்பார்கள். ஒருத்தி ஒரு முனையைப் பிடிக்க, எதிரே நிற்கிறவள் மறுமுனையைப் பிடிக்க, இருவரும் நெருங்கி வந்து மடிப்பார்கள். கடைசி மடிப்பை மட்டும் ஒருத்திதான் போடுவாள். அதில் தன் அடையாளம் ஒன்றை விட்டுவைப்பாள். கறையோடோ கிழிசலோடோ ஒரு விரிப்பு திரும்பி வந்தால், கண்ணை மூடிக்கொண்டு அனுப்பியது யார் என்று சூப்பர்வைசருக்குத் தெரியவேண்டுமே, அதற்காக. ஒருத்தி விளிம்பை இரண்டு விரல் அளவு வெளியே விடுவாள். இன்னொருத்தி மறுபுறம் திருப்பி வைப்பாள். காதக்கா மூன்றாக மடித்து, அதை இரண்டாக்கி, வலது மூலையை உள்பக்கம் திருப்பிச் செருகுவாள். நாய்க்குட்டி ஒரு காதை மட்டும் மடக்கி வைத்திருப்பது போல இருக்கும். முப்பத்தொரு வருஷமாக அதே காது.

அத்தனை வருஷம் ஒரே வேலை செய்த கை, வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. கைக்குட்டை, ரொட்டி சுற்றிவந்த காகிதம், பஸ் டிக்கெட், எது அகப்பட்டாலும் மூன்று, இரண்டு, காது. மகன் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவனுடைய சாப்பாட்டுப் பொட்டலத்துக்கும் காது இருக்கும். மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று வந்து அழுவான். அவள் மறுநாள் முதல் அப்படி மடிப்பதில்லை என்று சத்தியம் செய்வாள். மறுநாளும் காது இருக்கும்.

அந்த மகன் இப்போது டவுன் பஸ் ஓட்டுகிறான். முப்பத்தாறு வயது. ஊரின் அடுத்த கோடியில் ஒரு கொத்தனாரோடு குடியிருக்கிறான். கொத்தனார் யார் என்று யாராவது கேட்டால் "மகனோட சிநேகிதன்" என்று பல வருஷம் பூசி மெழுகினாள். கேட்டவர்களும் தெரிந்துதான் கேட்டார்கள், அவளும் அவர்களுக்குத் தெரியும் என்று தெரிந்துதான் சொன்னாள். முதல் வருஷம் கொத்தனார் போட்ட டீயைக் குடிக்காமல் ஆறவிட்டு வந்தாள். இரண்டாம் வருஷ மழையில் அவள் வீட்டுக் கூரை ஒழுகியபோது அவன் யாரும் கூப்பிடாமலே சாந்துச் சட்டியோடு வந்து மேலே ஏறினான். மூன்று நாள் வேலை. மூன்றாம் நாள் அவளே டீ போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவன் "அம்மா" என்று கூப்பிட்டால் "என்ன தம்பி" என்பாள். ஆனால் பிடித்துப்போய்விட்டது என்று சொல்லமாட்டாள். பழகிப்போய்விட்டது என்றுதான் சொல்வாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சட்டம் வந்தது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்ந்தால் அதைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று. இரண்டு பேரும் முதல் மாதமே போய்ப் பதிந்தார்கள். அவளையும் கூப்பிட்டார்கள். கால் வலி என்று சொல்லிவிட்டாள். கால் வலிக்கவில்லை.

நாலு மாதத்துக்கு முன்னால் கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்தான். முதுகெலும்பில் அடி. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட நீ யார் என்று டாக்டர் கேட்டபோது, மகன் அந்தப் பதிவுச் சீட்டைத்தான் எடுத்து நீட்டினான். வேறு கேள்வி இல்லை. அன்றிலிருந்து மூன்றாவது மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் கொத்தனார் கிடக்கிறான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்புகிறது. காலையில் விரிப்பு மாற்ற வரும் நர்சிடம், விரிப்பைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு தடவை காட்டச் சொல்வான். காது இருந்தால் மகனிடம் சொல்லி அனுப்புவான், "இன்னிக்கு அம்மா மடிச்சது வந்துச்சுன்னு சொல்லு" என்று. அவள் அதைக் கேட்டு "ஆமா, பெரிய அதிசயம்" என்பாள். மேசையில் மூன்றாவது மாடிக் கட்டு வரும்போது மட்டும் எதிரே நிற்கிறவளை ஓரம் தள்ளிவிட்டு எல்லாவற்றுக்கும் தானே கடைசி மடிப்பைப் போடுவாள்.

விழுந்த செய்தி கேட்டுக் கொத்தனாரின் அண்ணன் ஒருநாள் வந்தான். ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவன். வார்டு வாசலிலேயே நின்றான். "சட்டம் இருக்கிறவரைக்கும்தான் உன் ஆட்டம். அது போகட்டும். அன்னிக்கு வந்து எங்க பிள்ளையை நாங்க தூக்கிட்டுப் போவோம். நீ பஸ்ஸை ஓட்டிக்கிட்டு இரு" என்று மகனைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

அப்போதுதான் இடைத்தேர்தல் வந்தது.

சலவைக்கூடத்து முதலாளியே நின்றார். சட்டசபையில் இரண்டு கட்சிக்கும் சரிசமம், இந்த ஒரு தொகுதி யார் பக்கமோ அவர்கள் வைத்ததுதான் சட்டம் என்று பேசிக்கொண்டார்கள். அவருடைய கட்சி ஜெயித்தால் பதிவுச் சட்டத்தைக் கிழித்துப் போடுவோம் என்று பச்சையாக நோட்டீஸ் அடித்திருந்தது. எதிரே நின்றது ரிட்டையர் ஆன டீச்சர் அம்மாள். சட்டம் இருக்கும், ஒரு எழுத்தும் மாறாது என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால் காதக்காவுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆஸ்பத்திரித் துணியை இனி ஆஸ்பத்திரியே மெஷின் வைத்து வெளுக்கும், தனியாருக்குக் கிடையாது என்றும் சேர்த்துச் சொன்னாள். ஆஸ்பத்திரித் துணி இல்லாவிட்டால் சலவைக்கூடத்துக்கு என்ன இருக்கிறது? இரண்டு ஓட்டல், ஒரு சமையற்காரர் சங்கத்து மேலங்கிகள். நாற்பது பெண்கள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

தேர்தல் விஷயத்தில் காதக்காவுக்கு ஒரு கொள்கை உண்டு. கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரு தேர்தல் விடாமல் ஓட்டுப் போடுவாள், யாருக்கு என்று யாரிடமும் சொல்லமாட்டாள். புருஷன் இருந்தவரைக்கும் அவர் சொன்ன கட்சிக்குப் போடுவதாகத் தலையாட்டிவிட்டு, திரைக்குப் பின்னால் தன் இஷ்டத்துக்குப் போட்டுவிட்டு வருவாள். அந்த மரத்தடுப்பும் துணித்திரையும்தான் அவளுக்கென்று இந்த உலகத்தில் கிடைத்த தனி அறை. உள்ளே போய் ஒரு நிமிஷம் நின்றால் மாமியாரும் கிடையாது, புருஷனும் கிடையாது, சூப்பர்வைசரும் கிடையாது. இந்த முறையும் அந்தத் திரையை நம்பித்தான் இருந்தாள்.

அந்த மாதம் முழுக்க மழை விட்டபாடில்லை. வெளியே எதுவும் உலராததால் உலர்த்தும் அறையில் கொதிகலன் சூட்டை இரட்டிப்பாக்கினார்கள். மடிப்பு மேசை வரைக்கும் ஆவி வந்து முகத்தில் படிந்தது. ஒரு மத்தியானம் முதலாளி அங்கேயே வந்து ஒரு கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறி நின்று பேசினார். வேலை, சம்பளம், புதுக் கொதிகலன் என்று சொல்லிவிட்டு, "இயற்கைக்கு விரோதமான அந்தச் சட்டத்தையும் ஒழிப்போம்" என்று முடித்தார். எல்லாப் பெண்களும் கையிலிருந்த விரிப்பையே உற்றுப் பார்த்தார்கள். ஒருத்தியும் காதக்காவைப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமலிருந்ததே அவளுக்கு முதுகில் சுட்டது.

முதலாளி போனபிறகு சூப்பர்வைசர் மெதுவாக மேசையருகே வந்தார். நல்ல மனுஷன்தான். அவளோடு சேர்ந்து அதே வருஷம் வேலைக்கு வந்தவர்.

"அக்கா, முதலாளி பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க. மேடையில ஏறினா நாலு வார்த்தை அப்படி வரும்."

"கூடையில ஏறினதுக்கே இப்படி வருதே."

"சிரிக்காதீங்கக்கா. நாப்பது குடும்பம். உங்க ஓட்டு எங்கே போகும்னு அவரு என்கிட்ட கேட்டாரு. காதக்கா நம்ம ஆளு, நான் பொறுப்புன்னு சொல்லியிருக்கேன்."

"நீங்க எதுக்குப் பொறுப்பெடுத்தீங்க?"

"இல்லன்னா வேற ஆளைப் பார்க்கச் சொல்லியிருப்பாரு. போடுவீங்கதானே?"

"சரி" என்றாள்.

அவர் நகர்ந்ததும் எதிரே நின்றவள் விரிப்பின் முனையை நீட்டினாள். இருபது வருஷமாக அவளுக்கு எதிரே நின்று மடிக்கிறவள். புருஷன் விட்டுவிட்டுப் போய் மூன்று பெண்களை வைத்துக்கொண்டு இருக்கிறாள். கூடம் முழுக்க அவளை எதிர்க்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கமாட்டியே?"

"கேக்காம விடப்போறியா?"

"உனக்கு உன் பிள்ளைதான் முக்கியம். அது எனக்குத் தெரியும். நான் உன் இடத்துல இருந்தாலும் அதான் செய்வேன்." முனைகள் சேர்ந்தன. இரண்டு பேருடைய விரல்களும் ஈரமாக ஒட்டிக்கொண்டன. "ஆனா எனக்கு இந்த மேசையை விட்டா வேற போக்கிடம் இல்லக்கா. பெரியவ இந்த வருஷம்தான் படிப்பை முடிக்கிறா. எனக்கு எழுத்தும் வராது, சமையலும் வராது. மடிக்கத்தான் வரும்."

காதக்கா மூலையை உள்ளே செருகினாள்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். உருளைக்கிழங்கு வேகவைத்துத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தான். சூட்டில் விரலை உதறி உதறி உரித்தான், சின்ன வயசிலிருந்து அப்படித்தான்.

"அம்மா, இந்தத் தடவை யாருக்குப் போடப்போறேன்னு உன்னைக் கேக்கப்போறேன்."

"நான் யார்கிட்டேயும் சொல்றதில்ல."

"தெரியும். இந்தத் தடவை மட்டும் சொல்லு. அவன் நேத்து பூரா தூங்கல. 'அண்ணன் வந்து தூக்கிட்டுப் போயிட்டா நீ எந்த நேரத்துல பார்க்க வருவே, உன்னை உள்ளே விடுவாங்களா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். என்ன சொல்றது? அவனுக்கு எழுந்து நடந்து வர்றதுக்கும் கால் இல்ல."

"டீச்சரம்மாதான் ஜெயிப்பாங்கன்னு ஊரே சொல்லுதே."

"ஊரு சொல்றது இருக்கட்டும்மா. நீ என்ன சொல்றே?"

"என் வேலை போயிடும்டா."

"தெரியும்மா. நான் இருக்கேன். ஓவர்டைம் பார்க்கிறேன். எங்களோட வந்து இரு." இன்னொரு உருளைக்கிழங்கை எடுத்தான். "பதிய வான்னு கூப்பிட்டப்போ நீ வரல. நான் ஒண்ணும் கேக்கல. இதுக்கு மட்டும் வாம்மா."

"சரி" என்றாள்.

அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரே வாரத்தில் ஒரே வாய் ஒரே வார்த்தையை இரண்டு பக்கமும் கொடுத்துவிட்டது. அதனால் என்ன, திரை இருக்கிறது. யாருக்குப் போட்டாலும் மற்றவரிடம் போய் உங்களுக்குத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஓட்டுப் போடும் நாளிலும் தூறல். பள்ளிக்கூடத்து வகுப்பறை ஒன்றில் பெட்டி வைத்திருந்தார்கள். சீட்டில் இரண்டே பேர். மேல் கட்டம் முதலாளி, கீழ் கட்டம் டீச்சர். அவள் பென்சிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழ்க் கட்டத்துக்குத்தான் முதலில் போனாள், அது சத்தியம். எதிர்க்கையின் ஈர விரல் ஞாபகம் வந்தது. டீச்சர்தான் எப்படியும் ஜெயிக்கப்போகிறாள், என் ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும், கூடத்தில் தலைநிமிர்ந்து நிற்கவாவது இது இருக்கட்டும் என்று நினைத்தாள். அதற்கும் அடியில் இன்னொரு நினைப்பு கிடந்தது. சட்டம் போனால் கொத்தனாரை அவன் அண்ணன் தூக்கிக்கொண்டு போவான். தூக்கிக்கொண்டு போனால் மகன் தனியாவான். தனியானால் எங்கே போவான், அம்மாவிடம்தானே வருவான். அந்த நினைப்பை அவள் கூப்பிடவில்லை. அதுவாக வந்தது, வந்து உட்கார்ந்துகொண்டது. தன்னைத்தானே அறையவேண்டும் போல இருந்தது அவளுக்கு. அறையவில்லை. மேல் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டாள்.

பெட்டியில் சீட்டு விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. வெளியே வந்தாள். பள்ளிக்கூட வாசலில், அவரவர் கூட்டத்தில், மகனும் நின்றான், சூப்பர்வைசரும் நின்றார்.

மகன் குடையோடு ஓடிவந்தான். "போட்டியாம்மா?"

"போட்டேன்."

அவன் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டான். வேறொன்றும் கேட்கவில்லை. "நாளைக்கு எண்ணும்போது நானும் உட்கார்றேம்மா. டீச்சர் சார்பா. லீவு போட்டாச்சு. இந்த வகுப்பறைப் பெட்டிதான் என் மேசைக்கு வருது."

"அதே மேசைக்கு முதலாளி சார்பா நான்" என்று சூப்பர்வைசர் அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார். "பயப்படாதீங்கக்கா, சண்டை போட்டுக்கமாட்டோம்." இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

அவளும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். கையில் என்னவோ உறுத்தியது. வரிசையில் நிற்கும்போது கொடுத்த துண்டுச்சீட்டு, அவளுடைய வரிசை எண் எழுதியது. அவள் பேசிக்கொண்டே அதை மடித்திருந்தாள். மூன்றாக மடித்து, இரண்டாக்கி, வலது மூலையை உள்ளே திருப்பி.

உள்ளே, திரைக்குப் பின்னால், கை என்ன செய்தது? அவளுக்கு ஞாபகமே இல்லை. ஞாபகம் இல்லாததுதான் பதில். மூச்சு விடுவதை யாராவது ஞாபகம் வைத்துக்கொள்வார்களா?

ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மகனிடம் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனாள். மேசையிலிருந்த அதிகாரி சின்ன வயசுக்காரர், காலையிலிருந்து சாப்பிடாத முகம்.

"ஐயா, என் சீட்டை ஒரு நிமிஷம் எடுத்துத் தரமுடியுமா?"

"பெட்டிக்குள்ள போட்டாச்சாம்மா?"

"போட்டாச்சுங்க. ஓட்டை மாத்தவேண்டாம். மடிச்சது சரியில்ல. திருப்பி மடிச்சுக் குடுத்துடறேன்."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "மடிப்பை எல்லாம் யாரும்மா பார்க்கப்போறாங்க? விழுந்தது விழுந்ததுதான். போயிட்டு வாங்க."

பெட்டி அங்கேயே, கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். அதற்குள்ளே ஒற்றைக் காதை மடக்கிக்கொண்டு அவளுடைய ஓட்டு கிடக்கிறது. உலகத்தில் அந்தக் காதைப் பார்த்தவுடன் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். அதில் இரண்டு பேர் அதைப் பிரிக்க உட்காரப்போகிறார்கள். அத்தனை வருஷமாக அவளைக் காப்பாற்றிய திரையை அவளுடைய கையே கிழித்துவிட்டது.

மறுநாள் வேலைக்குப் போனாள். போகாமல் எங்கே போவது? மேசையில் மூன்றாவது மாடிக் கட்டு வந்தது. மூலையைத் திருப்பாமல் மடித்துப் பார்த்தாள். கை ஒவ்வொரு தடவையும் முந்திக்கொண்டது. நாலாவது விரிப்பில் விட்டுவிட்டாள். எதிர்க்கை என்னக்கா, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். பிறகு அடுத்த முனையை நீட்டினாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த ரொட்டியைக் காதக்கா பிரிக்கவே இல்லை.

மூன்று மணிக்குச் சூப்பர்வைசர் வந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. கொதிகலன்காரர் ஆவியை நிறுத்திவிட்டு வந்து நின்றார். எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"தோத்துட்டோம்" என்றார். "நூறு ஓட்டுக்குக் கொஞ்சம் மேல. டீச்சரம்மாதான்."

எதிர்க்கை விரிப்பின் முனையைக் கீழே விட்டாள். துணி தரையில் படக்கூடாது என்பது அங்கே முதல் பாடம். யாரும் அதை எடுக்கவில்லை.

"ஆனா ஒண்ணு சொல்லணும்" என்று சூப்பர்வைசர் கையை உயர்த்தினார். "இங்கே சில பேரு, பேரு சொல்லல, காதக்கா கூடத்தைக் கைவிட்டுடும், பிள்ளை பக்கம் சாஞ்சுடும்னு முணுமுணுத்தீங்க. என் கண்ணால பார்த்ததைச் சொல்றேன். பெட்டியைக் கொட்டினாங்க. குவியல்ல ஒரு சீட்டு, காதோட! எனக்குச் சிரிப்பு தாங்கல."

"விடுங்க" என்றாள் காதக்கா.

"ஏன் விடணும்? அதை எடுத்தது யாரு தெரியுமா? இவங்க மகன். எதிர்ல நான். எடுத்ததும் அவனுக்கும் புரிஞ்சுபோச்சு, எனக்கும் புரிஞ்சுபோச்சு. அவன் முகத்துல ஒரு சந்தோஷம். பிரிச்சான். மேல் கட்டம். நம்ம முதலாளி!"

"அவன் என்ன சொன்னான்?"

சூப்பர்வைசரின் குரல் கொஞ்சம் இறங்கியது. அப்போதுதான் தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கே உறைத்ததோ என்னவோ. "ஒண்ணும் சொல்லலக்கா. அந்த மூலையை மட்டும் விரலால நீவி நேராக்கினான். ரெண்டு மூணு தடவை நீவினான். அப்புறம் எங்க குவியல்ல வெச்சுட்டு அடுத்த சீட்டை எடுத்துட்டான்."

எதிர்க்கை மேசையைச் சுற்றி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "நான் உன்னைச் சந்தேகப்பட்டேன்க்கா. பாவி நான், உன்னைச் சந்தேகப்பட்டேன்" என்று தோளில் முகத்தை வைத்து அழுதாள். ஒவ்வொருத்தியாக வந்து கையைத் தொட்டார்கள். முதலாளியின் புகழைவிட அன்று அவளுடைய புகழ்தான் கூடத்தில் பெரிதாக இருந்தது. அந்தப் பாராட்டின் நடுவில் எங்கேயும் நகரமுடியாமல் நின்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் ஐந்து மணிக்குப் பார்வையாளர் நேரம், அன்று தான் வருவதாகப் போன வாரமே சொல்லியிருந்தாள். கால் வலி என்று சொல்லலாம். அது ஏற்கெனவே சொன்னது. படிக்கட்டில் ஏறும்போது நிஜமாகவே கால் வலித்தது.

ஜன்னலோரக் கட்டிலில் கொத்தனார் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தான். நாலு மாதத்தில் முதல்முறையாகச் சவரம் செய்த முகம். மகன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வந்ததும் திரும்பினான். "வாம்மா" என்றான். நாற்காலியை இழுத்துப் போட்டான். முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினாள். கோபம் இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

கொத்தனார் கையை நீட்டி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, இனிமே என்னை யாரும் தூக்கிட்டுப் போகமுடியாது."

"ஆமா தம்பி."

"நான் ஒண்ணு சொல்லணும்மா. ஊர்ல எத்தனையோ பேரு போட்டாங்க. அவங்களுக்கு அதுல ஒரு நஷ்டமும் இல்ல. நீங்க உங்க வேலை போகும்னு தெரிஞ்சே போட்டிருக்கீங்க. முப்பத்தொரு வருஷ வேலை." அவளுடைய கையை இன்னும் இறுக்கிப் பிடித்தான். "எங்க அம்மா எனக்கு இதைச் செஞ்சிருக்கமாட்டாங்க."

அவள் வாயைத் திறந்தாள். சொல்லிவிடவேண்டும் என்றுதான் திறந்தாள். இல்லடா தம்பி, நான் போடல, உன்னை உங்கண்ணன் தூக்கிட்டுப் போகட்டும்னு போட்டவ நான் என்று சொல்லி, அவன் கையை உதறிவிட்டு, அவன் காறித்துப்பினாலும் வாங்கிக்கொண்டு போய்விடவேண்டும்.

"தம்பி, நான்..."

"அம்மாவுக்குப் பேச்சு வராது" என்றான் மகன், ஜன்னலோரத்திலிருந்து. "நான்தான் பார்த்தேனே. அம்மா ஓட்டு என் கைக்குத்தான் வந்துச்சு. காதோட இருந்துச்சு. நான்தான் பிரிச்சேன்."

"நிஜமாவா?" கொத்தனாரின் முகம் குழந்தை முகம் மாதிரி ஆகிவிட்டது. "என்கிட்ட சொல்லவே இல்லையே! கீழ்க் கட்டத்துலதானே?"

"கீழ்க் கட்டத்துலதான்" என்றான் மகன். அவளைப் பார்த்துத்தான் சொன்னான்.

கொத்தனார் அவளுடைய கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சிமெண்டு தின்ற சொரசொரப்பான கை, நாலு மாதமாகச் சும்மா கிடந்து மிருதுவாகியிருந்தது. அவள் அந்தக் கைக்குள் தன் கையை விட்டுவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இனி எந்தக் காலத்திலும் உண்மையைச் சொல்லமுடியாது. சொன்னால் மகன் பொய்யனாவான்.

மணி அடித்தது. கிளம்ப எழுந்தாள். கட்டிலின் காலடியில் ராத்திரிக்கு மாற்ற வைத்திருந்த விரிப்பு ஒன்று சரிந்து பிரிந்து கிடந்தது. பழக்கத்தில் குனிந்து எடுத்தாள்.

"விடும்மா" என்று மகன் வந்து அவள் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கிக்கொண்டான். "இனிமே நான் மடிச்சுக்கறேன்."

மூன்றாக மடித்தான். இரண்டாக்கினான். நாலு மூலையும் வெளியே தெரியும்படி, நேராக, கட்டிலில் வைத்தான்.